கேஸ் டியூபுக்குச் சட்டை தைத்த தெரு

எங்கள் தெருவில் குழி தோண்டுகிறார்கள். இனிமேல் குழாய் வழியாகவே அடுப்புக்குக் கேஸ் வருமாம். மஞ்சள் குழாயைக் கண்ணால் பார்த்த நாளிலிருந்து எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. காலையில் வாசல் தெளித்ததும் தோண்டுகிறவர்களிடம் போய் நின்றுவிடுகிறேன். வால்வு எங்கே வரும், எந்தச் சுவர் வழியாக உள்ளே ஏறும், அவசரத்துக்கு அடைக்க வேண்டுமானால் யார் கைக்கு எட்டும் என்று கேட்டுத் துளைக்கிறேன்.

"நீங்க என்ன இன்ஜினியருங்களா?" என்று ஒருவர் கேட்டேவிட்டார்.

"இல்லீங்க, கேஸ் மெக்கானிக்."

அவர் மண்வெட்டியை ஓரமாகச் சாய்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை திருப்பூரில் கதவு திறந்த முக்கால்வாசிப் பேர் என்னை அப்படித்தான் பார்த்தார்கள்.

நான் வேலை பார்த்த ஏஜென்சியில் இப்போது சமையலறை சோதனைக்குப் போகிற பெண்கள் நிறைய இருக்கிறார்கள். "உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்கக்கா" என்று ஒரு வருடமாக நச்சரிக்கிறார்கள். அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும், சிலிண்டரைப் படுக்கவைக்கக் கூடாது, தீக்குச்சியைப் பற்றவைத்த பிறகுதான் அடுப்பைத் திருக வேண்டும் என்பதெல்லாம் நோட்டீஸிலேயே இருக்கிறது. நோட்டீஸில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். திருப்பூரில் மட்டுமே நடக்கக்கூடிய ஒன்று.

முதலில் நான் ஏஜென்சியில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஆண்கள் கம்பெனிக்குப் போன நேரத்தில் மெக்கானிக் போய் நின்றால் பல பெண்கள் கதவைத் திறக்க மாட்டார்கள். ஒரு பெண் கூடப் போனால் திறப்பார்கள் என்று என்னை அனுப்பினார்கள். துணைக்குப் போனவள் பையைத் தூக்கினேன், பிறகு ஸ்பேனரைப் பிடித்தேன், அப்புறம் விடவேயில்லை. என் பயிற்சி அவ்வளவுதான்.

எங்கள் தலைமை மெக்கானிக் சென்னியப்பன் அண்ணன். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவரிடம் வேலை பார்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. தினமும் காலையில் வணக்கத்துக்குப் பதிலாக ஒரே கேள்விதான். "மூக்கு தொறந்திருக்குதா அம்மிணி?" சளி பிடித்திருந்தால் அன்றைக்கு எனக்குப் பில் வேலைதான், வெளியே கூட்டிப் போக மாட்டார். தலையில் பூ வைத்துக்கொள்ளக் கூடாது. மல்லிகை வாசம் மூக்கை ஏமாற்றிவிடுமாம். புகுந்த வீட்டில் எல்லாரும் "ஏன் வெறுந்தலையோட போறே" என்று கேட்டுக் கேட்டு என் பிராணனை வாங்கினார்கள். அவர்மேல் எனக்குப் பொல்லாத கோபம்.

காலிங்பெல்லை அவர் தொடவே மாட்டார். விரலை மடக்கிக் கதவைத் தட்டுவார். உள்ளே கேஸ் நிரம்பியிருந்தால் பெல்லில் வருகிற சின்னப் பொறி போதும் என்பார். மொபைலை வண்டிப் பெட்டியிலேயே பூட்டிவிட்டு வருவார். சமையலறையில் நுழைந்ததும் நாம் நிமிர்ந்து மோந்து பார்ப்போம், அவரோ உட்கார்ந்து தரையோடு மோந்து பார்ப்பார். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது, மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையில்தான் தேங்கும். ஒழுகுகிறதா என்று பார்க்கத் தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டும் புத்திசாலிகள் அப்போது ஊரில் நிறைய இருந்தார்கள். அவரிடம் ஒரு சின்னக் கிண்ணமும் பழைய ஷேவிங் பிரஷும் இருக்கும். சோப்பைக் கலக்கி நுரையை ரெகுலேட்டரிலும் டியூபின் இரண்டு முனையிலும் தடவிவிட்டு, சின்னக் குமிழி கிளம்புகிறதா என்று கண்ணிமைக்காமல் பார்ப்பார். குமிழி கிளம்பினால், "கேஸ் லீக்" என்ற வார்த்தையை மட்டும் அவர் வாயிலிருந்து பிடுங்க முடியாது. அதைக் கேட்டால் ஜனங்கள் பதறிப்போய் முதலில் லைட்டைப் போடுவார்கள். அதனால் வெற்றிலை பாக்குக்கு அழைக்கிற மாதிரி சொல்வார்: "சித்த வெளிய வாங்க, உங்ககிட்ட ஒரு சங்கதி பேசோணும்."

இப்போது டியூபுக்குச் சட்டை தைத்த கதைக்கு வருகிறேன்.

திருப்பூர்க்காரர்களுக்கு எதையும் வெறும் மேலோடு விடப் பிடிக்காது. கம்பெனியில் மிஞ்சிய துணியைக் கொண்டுவந்து டிவிக்கு உறை, மிக்சிக்கு உறை, சிலிண்டருக்குப் பாவாடை என்று போட்டு அழகு பார்ப்பார்கள். மங்கலம் ரோட்டில் ஒரு லைன் வீட்டு வரிசை. அங்கே சோதனைக்குப் போன நாங்கள் அசந்துபோய் நின்றோம். வீட்டுக்கு வீடு கேஸ் டியூப் சட்டை போட்டிருந்தது. ஒரு வீட்டில் சிவப்பில் வெள்ளைக் கோடு, அடுத்த வீட்டில் மயில்கழுத்து நிறம், அதற்கடுத்து எலுமிச்சை மஞ்சள். டி-ஷர்ட்டின் கழுத்துக்கும் கை முனைக்கும் வைப்பார்களே, இழுத்தால் நீண்டு விட்டால் ஒட்டிக்கொள்ளும் ரிப் துணி, அதில் தைத்தது. டியூபின் மேல் கச்சிதமாகப் பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

தைத்தவள் ஜெசிந்தா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த பெண். புருஷன் அந்தோணி நிட்டிங் கம்பெனியில் நைட் ஷிப்ட். இவள் வீட்டிலேயே ஓவர்லாக் மிஷின் போட்டுக் கம்பெனிகளுக்குப் பீஸ் தைத்துக் கொடுத்தாள். இடையில் தெருவுக்கே இந்தச் சட்டை.

நான் அவள் வீட்டு டியூபின் சட்டையை உருவினேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னக்கா இப்பிடி உருவுதிய? டியூபுல எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டுதுல்லா. இதுன்னா கழத்தித் தொவைச்சு மாட்டிக்கிடலாம்."

"தொவைச்சுக்கலாம் கண்ணு. உள்ளே டியூப் வெடிச்சிருந்தா எப்படித் தெரியும்?"

"வெடிச்சா வாடை வரும்லா."

"வாடை வர்றதுக்கு முந்தியே கண்ணுல படோணும்னுதான் ஆரஞ்சுக் கலர்ல டியூப் குடுக்கறோம். நீ அதுக்குப் போர்வை போத்தி உட்டிருக்கறே."

அதோடு முடியவில்லை. அடுப்பு மேடைக்குக் கீழே பின்சுவரில், தரையை ஒட்டி இரண்டு காற்றுத் துளைகள் உண்டு. கேஸ் ஒழுகினால் வெளியேற அதுதான் வழி. அவற்றில் பனியன் வேஸ்ட்டை உருட்டித் திணித்து அடைத்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். பின்னால் வேஸ்ட் துணி பிரிக்கிற குடோன். நாள் முழுக்கப் பஞ்சு பறந்து உள்ளே வருகிறது.

"பஞ்சு விழுந்த சோத்த நீங்க திம்பியளா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. சென்னியப்பன் அண்ணன்தான், "ஓட்டைக்குக் கொசுவலை அடிச்சுக்கலாமுங்க, காத்தும் போகும், பஞ்சும் வராது" என்றார். அவள் தலையாட்டினாள். நாங்கள் படி இறங்கியதும் சட்டையை மறுபடி மாட்டிவிடுவாள் என்று அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது. கடுகடுவென்று வண்டியில் ஏறினேன்.

சில வாரம் கழித்து மறுபடி அதே லைனுக்குப் போனோம். சொல்லும்போதே எனக்குக் கை பரபரக்கிறது.

அந்த வருடங்களில் தினமும் முறை வைத்துக் கரண்ட் போகும். அந்தப் பக்கத்துக்குக் காலையில் போனால் பன்னிரண்டு மணிக்குத்தான் வரும். பெண்கள் மிஷினை விட்டு எழுந்து வாசலில் விசிறிக்கொண்டு நிற்கும் நேரம் என்பதால் அப்போதுதான் சோதனைக்குப் போவோம். ஆனால் ஒரு விஷயம். கரண்ட் போனால் தையல் மிஷினின் சுவிட்சை யாரும் அணைக்க மாட்டார்கள். அணைத்தால் கரண்ட் வந்தது எப்படித் தெரியும்? மோட்டார் உறுமினால் கரண்ட் வந்துவிட்டது, விட்ட இடத்திலிருந்து தைக்க ஓட வேண்டும். பீஸ் கணக்கில் தைக்கிற ஊரில் அதுதான் வழக்கம்.

லைனுக்குள் பாதி தூரம் போயிருப்போம். "அம்மிணி, நில்லு" என்றார் அண்ணன். எனக்கும் அதே நொடியில் மூக்கில் ஏறியது. பூ வைத்திருந்தால் அவ்வளவு தூரத்தில் தெரிந்திருக்காது. அவர் ஒவ்வொரு வாசற்படியாகக் குனிந்துகொண்டே போய் ஜெசிந்தா வீட்டின் முன் நின்றார். கதவு வெளியே பூட்டியிருந்தது. படிக்கும் கதவுக்கும் நடுவில் உள்ள சந்தில் வாடை குப்பென்று வந்தது.

பக்கத்து வீட்டுச் சரசக்காவைக் கேட்டேன்.

"தைச்ச பீஸைக் குடுத்துப்போட்டு நூல் வாங்கிட்டு வாறேன்னு இப்பத்தானுங்க போச்சு அந்தப் புள்ள."

"அப்ப உள்ள யாரும் இல்லீங்களே?"

"அந்தோணி இருக்குதுங்க. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து தூங்குது. தெருக் கொழந்தைக தட்டி எழுப்பிப்போடுவாங்கன்னு எப்பவும் வெளிய பூட்டிட்டுத்தானுங்க போகும்."

தரையில் தேங்குகிற கேஸ். தரையில் பாய் போட்டுப் படுத்திருக்கிற மனிதன். எல்லாவற்றுக்கும் மேல், சுவிட்ச் போட்டபடி காத்திருக்கிற ஓவர்லாக் மோட்டார். கரண்ட் வரக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. வந்த கணத்தில் அந்த மோட்டார் உறுமும், அதில் பொறி பறக்கும்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு. அவர் குரல் அப்போதும் உயரவில்லை. பெண்களிடம் திரும்பி, "எல்லாரும் அடுப்பை அணைச்சுப்போட்டுச் சித்த ரோட்டுக்கு வாங்க, ஒரு சங்கதி பேசோணும்" என்றார். சரசக்காவிடம் மட்டும், "ரோட்டுக்குப் போயி போன் பண்ணி அந்தப் புள்ளையச் சாவியோட வரச்சொல்லுங்க. இங்க நின்னு பண்ண வேண்டாமுங்க" என்றார். என்னிடம், "மெயினைப் பாரு அம்மிணி" என்றார்.

மெயின் பெட்டி வரிசையின் கடைசியில், ரோட்டைப் பார்த்த சுவரில், வாடை எட்டாத தூரத்தில் இருந்தது. ஓடினேன். வீட்டுக்காரர் அதற்கும் ஒரு பூட்டுப் போட்டிருந்தார். யோசிக்கவில்லை, பெரிய ஸ்பேனரால் ஒரே போடு. கொண்டி தெறித்தது. மெயினை இறக்கி, ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். இனி ஊருக்கே கரண்ட் வந்தாலும் அந்த வரிசைக்கு வராது.

திரும்பி ஓடிவந்தால் அங்கே வேறு கூத்து. எதிர் பட்டறைக்காரர் ஒருவர் கடப்பாரையுடன் வந்து கதவுப் பூட்டை உடைக்க ஓங்கிவிட்டார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இரும்பு மேல இரும்பு பட்டா பொறி வருமுங்க. இங்க வேண்டாமுங்க, சொன்னாக் கேளுங்க."

"ஆளு உள்ள செத்துப்போயிருமுங்க!"

"அதுக்குத்தானுங்க சொல்றேன்."

எனக்கும் அந்தப் பூட்டை உடைத்தெறிய வேண்டும் என்றுதான் கை துடித்தது. அண்ணன் என்னை வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போனார். குடோனுக்கும் சுவருக்கும் நடுவே ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. அந்தக் காற்றுத் துளைகள் வெளியிலிருந்து தெரிந்தன. கொசுவலை இல்லை, பனியன் வேஸ்ட்தான். மண்டியிட்டு விரலை விட்டு இழுத்தேன். வெள்ளை, நீலம், மறுபடி வெள்ளை, முடிச்சு முடிச்சாக வந்துகொண்டே இருந்தது. கடைசித் துண்டு வந்ததும் கேஸ் என் முகத்தில் அடித்தது. மூச்சை அடக்கிக்கொண்டு விலகினேன். இரண்டாவது துளையை அண்ணன் திறந்தார். பிறகு துளையில் வாயை வைத்து, "தம்பி, அந்தோணி" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. நான் கூப்பிட்டேன். பதில் இல்லை. என் வேலைக்காலம் முழுவதிலும் அந்த மௌனத்துக்குப் பயந்த மாதிரி வேறெதற்கும் நான் பயந்ததில்லை.

முன்பக்கம் அழுகுரல் கேட்டது. ஜெசிந்தா ஓடிவந்துவிட்டாள். கையில் நூல்கண்டுப் பை, இடுப்பில் சாவி. "அக்கா, அவிய உள்ள தூங்குதாவக்கா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் இடுப்பிலிருந்து சாவியை நான் உருவிக்கொண்டேன். அண்ணன் ஒரு குடம் தண்ணீரைப் பூட்டின் மேல் கவிழ்த்தார். சாவியை மெல்லத் திருப்பினேன்.

கதவு திறந்ததும் யார் எதைச் செய்வது என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான் சமையலறைக்குப் போனேன், அவர் ஆளிடம் போனார். அடுப்பின் திருகுகள் இரண்டும் அணைத்துத்தான் இருந்தன. ரெகுலேட்டர் மட்டும் திறந்திருந்தது. மூடினேன், அதன் வளையத்தைத் தூக்கி ரெகுலேட்டரைக் கழற்றினேன், நூலில் தொங்கிய மூடியைச் சிலிண்டர் வாயில் அழுத்தினேன். ஜன்னலைத் தள்ளித் திறந்தேன். திரும்பிப் பார்த்தால் அண்ணன் அந்தோணியைத் தூக்கவில்லை. பாயின் இரண்டு முனையையும் பிடித்து, பாயோடு தரதரவென்று வாசலுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். நான் கால்மாட்டைப் பிடித்தேன். அந்த ஒல்லி உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

ரோட்டோரக் காற்றில் போட்டு முகத்தில் தண்ணீர் அடித்தோம். அந்தோணி இருமினார். இருமி, வாந்தியெடுத்து, கண்ணைத் திறந்து, "என்னட்டி, கரண்டு வந்துட்டா?" என்று கேட்டார்.

அப்போது கரண்ட் வந்தது. ரோட்டின் அந்தப் பக்கம் தறிகள் தடதடவென்று கிளம்பின, எங்கேயோ ஒரு டிவி பாட ஆரம்பித்தது, பட்டறை மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமின. எங்களுக்குப் பின்னால் லைன் வீடுகள் மட்டும் சத்தமில்லாமல் கிடந்தன. நான் இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். ஃபியூஸ் கட்டைகள் முந்தானையில் கனமாக இருந்தன. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கடப்பாரைக்காரரைப் பார்த்துச் சிரித்தேன், அவரும் அப்படித்தான் சிரித்தார்.

அந்தோணியை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அன்று சாயங்காலமே ஜெசிந்தா அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குள் நாங்கள் வீட்டைக் காற்றாட வைத்து, ஒவ்வொரு மூலையிலும் மோந்து பார்த்து, அந்த டியூபைக் கழற்றி வெளியே வைத்திருந்தோம். மயில்கழுத்துச் சட்டை பார்ப்பதற்குப் பளிச்சென்றுதான் இருந்தது. ஜெசிந்தா, நூல் வெட்டும் சின்னக் கட்டரை எடுத்து அதை நீளவாக்கில் தானே கிழித்தாள். தாளிக்கும்போது தெறித்த எண்ணெய் துணியின் அடிப்பக்கம் ஊறியிருந்தது. அந்த வாசத்துக்கு எலி வந்திருக்கிறது. அடியிலிருந்து துணியைக் கடித்து, துணியோடு டியூபையும் கடித்திருக்கிறது. அன்றைக்குச் சமைத்து முடிக்கும்வரை தாங்கியது, அப்புறம் பிளந்துகொண்டது.

நான் திட்டத் தயாராகத்தான் இருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. அவள் கட்டரை எடுத்துக்கொண்டு சரசக்கா வீட்டுக்குள் போனாள். வரும்போது கையில் சிவப்புச் சட்டை கிழிந்து தொங்கியது. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. தான் தைத்ததையெல்லாம் அந்த வரிசை முழுக்கப் போய்த் தானே கிழித்தாள்.

இதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஜெசிந்தா முடிக்கவில்லை. ஒரு நாள் ஏஜென்சிக்கே வந்துவிட்டாள். பையைத் திறந்து கவுண்டரில் கொட்டினாள். சிவப்பு ரிப் துணியில் தைத்த சின்னச் சின்ன வளையங்கள்.

"அடுப்ப அணைச்சேன், ரெகுலேட்டர மறந்தேன். அதனாலதானக்கா அம்புட்டும். இத ரெகுலேட்டர் கழுத்துல மாட்டி வைக்கணும். தெறக்கணும்னா இதக் கழத்திக் கையில போட்டுக்கிடணும். மூடுனாத்தான் திரும்ப அதுல மாட்டணும். கையில கெடந்தா கேஸ் தெறந்து கெடக்குன்னு அர்த்தம். வெளிய கெளம்பயில கையப் பாத்தாப் போதும்லா."

சென்னியப்பன் அண்ணன் ஒன்றை எடுத்துத் தன் மணிக்கட்டில் மாட்டினார். கையைத் தூக்கினார், இறக்கினார், அடுப்பில் வேலை செய்கிற மாதிரி நீட்டினார். "தொங்கப்படாது, கையோட ஒட்டியே இருக்கோணும்" என்றார். துணியைத் தேய்த்துப் பார்த்தார். "இது என்ன துணியுங்க?"

"சுத்தப் பருத்திண்ணே. பாலியஸ்டர் போடல. தீப்பட்டா உருகிக் கையில ஒட்டிக்கிடும்லா."

அவர் வளையத்தைக் கழற்றவில்லை. அன்று முழுக்க அதோடேயே வேலை பார்த்தார். சாயங்காலம் வண்டியை எடுக்கும்போது, "இத்தனை வருசம் நம்ம புத்திக்கு இது தோணலியே அம்மிணி" என்றார். அவர் வாயிலிருந்து அப்படியொரு பாராட்டை நான் ஒரு நாளும் வாங்கியதில்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அதன்பின் சோதனைக்குப் போகும்போதெல்லாம் என் பையில் அந்த வளையங்கள் இருக்கும். மங்கலம் ரோட்டில் தொடங்கி எத்தனையோ சமையலறைகளில் சிலிண்டருக்கு மேல் சிவப்பாக ஒன்று தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். இதைக் கண்டுபிடித்தது யார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. நான் சொல்லாமல் வந்ததில்லை.

போன வாரம் குழாய் போடுகிறவர்களோடு பேசிவிட்டுப் பேக்கரிக்கு டீ குடிக்கப் போனேன். தலையில் மல்லிகைப் பூவோடுதான். ஓய்வு பெற்றதிலிருந்து ஒரு நாளும் வைக்காமல் விட்டதில்லை. ஒரு மொபெட் வந்து நின்றது. அந்தோணி. மீசை நரைத்துவிட்டது. "அக்கா, நல்லாருக்கியளா?" என்று சந்தோஷமாகக் கையைத் தூக்கினார். மாஸ்டர் அவருக்கும் ஒரு டீயை நீட்டினார்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைப் பார்த்தேன். அவரும் குனிந்து பார்த்தார். துவைத்துத் துவைத்து ரோஸ் நிறமாகிப்போன ரிப் வளையம்.

"அவ ஊருக்குப் போயிருக்காக்கா. இன்னைக்கு நாந்தான் சோறு பொங்குனேன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் வண்டி வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. அவருடைய டீயை நான் கையில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

டீ ஆறிப்போயிற்று. நான் கடைக்குள் உட்காரவில்லை, ரோட்டைப் பார்த்தபடியே நின்றேன். கடைசியில் வளைவில் அந்த மொபெட் தெரிந்தது. என்னைக் கண்டதும் அவர் தூரத்திலேயே வண்டியை நிறுத்தி, வெறுங்கையை உயரத் தூக்கிக் காட்டினார்.